தாம்பரம் தாண்டி ஒரு பெட்டி மேகம்

ஆய்வுக்கூட உதவியாளர் என்றால் கண்ணாடிக் குடுவை கழுவுகிறவள் என்று நினைப்பார்கள். என் வேலை, தாம்பரம் தாண்டின வெயிலில் ஒரு பெட்டி மேகம் கலையாமல் காவல் காப்பது. அடுப்பை அணைத்தோமா, ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தினோமா என்று பஸ் ஏறின பிறகு அடித்துக்கொள்ளும் நெஞ்சு உங்களுக்கும் இருந்தால் நாம் ஒரே கட்சி. மேலே படியுங்கள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். சேலையூரிலிருந்து கிளம்பி, தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்து, காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் துறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே பர்வீன் என்ற பெண் முனைவர் பட்டத்துக்காகத் துருவப் பகுதியின் பனி மேகங்களை ஆராய்ந்தாள். அந்த மேகங்களில் பொடிப்பொடியாக ஐஸ் படிகங்கள் மிதக்குமாம். அவை வெயிலில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகின்றன, எவ்வளவைக் கீழே விடுகின்றன, தரையின் சூட்டை எவ்வளவு போர்த்திப் பிடித்துக்கொள்கின்றன என்பதுதான் அவள் கேள்வி. "படிகத்தோட உருவம் கொஞ்சம் மாறினாக்கூட கணக்கே மாறிடும்க்கா" என்பாள். கணக்கு அவள் பொறுப்பு. கவலை என் பொறுப்பு.

பெட்டி வந்த நாள்

எங்களைத் துருவத்துக்கு யார் அனுப்பப் போகிறார்கள்? கேம்ப் ரோட்டில் மூடிப்போன ஓர் ஐஸ்கிரீம் கடையிலிருந்து, மேலே மூடி திறக்கிற பெரிய ஃப்ரீசர் ஒன்றை வாங்கினோம். அதன் இரண்டு பக்கமும் துளை போட்டுக் கண்ணாடி பொருத்துவதாகத் திட்டம். ஒரு பக்கம் விளக்கு. எதிர்ப்பக்கம், உள்ளே இருக்கும் மேகத்தைத் தாண்டி எவ்வளவு ஒளி வருகிறது என்று அளக்கும் கருவி. அந்தக் கருவி வேறொரு ஆராய்ச்சி நிலையத்தின் இரவல். பொங்கலுக்கு முன்னால் அவர்கள் வந்து எடுத்துப் போய்விடுவார்கள். அதற்குள் அளந்து முடிக்காவிட்டால் பர்வீனின் இத்தனை வருஷப் படிப்பு அந்தரத்தில் தொங்கும்.

ஃப்ரீசரை மாடிக்குத் தூக்கி வந்தவர் பின்னாலேயே "பாத்து, பாத்து, இடிக்காதீங்க" என்று நான் கத்திக்கொண்டு போனேன். அவர் இறக்கி வைத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இதில் என்ன செய்யப்போகிறோம் என்று கேட்டார். மேகம் செய்யப்போகிறோம் என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அது இன்னா ஃப்ளேவருக்கா?"

ஒரு மூச்சு

மேகம் செய்வது நீங்கள் நினைப்பதுபோல் பெரிய வித்தை இல்லை. பெட்டி நன்றாகக் குளிர்ந்ததும் மூடியைத் திறந்து, குனிந்து ஒரு மூச்சு விட வேண்டும். வெள்ளையாகப் படரும். அதில் டிரை ஐஸ் என்கிற உலர் பனிக்கட்டித் துண்டு ஒன்றைக் காட்டி எடுத்தால் படர்ந்ததெல்லாம் படிகமாகி, விளக்கொளியில் மினுமினுவென்று இறங்கும். அளக்கும்போது பர்வீன் குழாய் வழியாக ஈரக்காற்றை அளவாக விடுவாள். யாராவது வேடிக்கை பார்க்க வந்தால் மட்டும் மூச்சு.

ஒருநாள் அவள் வாப்பா வந்தார். மேற்குத் தாம்பரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்பது அவருடைய குறை. குனிந்து மூச்சு விட்டார். மினுமினுப்பு அடங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "நம்ம கடைக்கு வர்றவன்லாம் மொட்டைமாடிக்கு வெயில் ஏறாத பெயிண்ட் இருக்கான்னு கேக்கறான். நீ வானத்துக்கு அடிச்ச பெயிண்ட்டைப் பாக்கறியாம்மா?"

பெரிய சார் வைத்த பொட்டு

துறைத் தலைவரை நாங்கள் பெரிய சார் என்போம். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும் உரிமை அவருடையது, வேறு யாரையும் விடமாட்டார். பீரோ, கம்ப்யூட்டர், விளக்கு எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். எங்கள் பெட்டிக்கும் வைத்தார். பொரி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

விடுமுறை முடிந்து வந்து அளந்தால், பர்வீன் துள்ளுகிறாள். இவ்வளவு ஒளியை மறிக்கிற மேகத்தை அவள் பார்த்ததே இல்லையாம். ஒரு வாரம் அந்தச் சந்தோஷத்திலேயே போயிற்று. அப்புறம் ஒருநாள் மேகமே விடாமல், காலிப் பெட்டியை அளந்து பார்த்தாள். காலிப் பெட்டியும் ஒளியை மறித்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது. கருவி கெட்டுவிட்டதோ, இரவல் பொருளாயிற்றே என்று நான் அதன் ஒயரையெல்லாம் தடவிப் பார்த்தேன்.

பூஜை முடிந்ததும் கருவிப் பக்கம் வெளிச்சம் புகாமல் நான் மறுபடி போட்டுவைத்த கறுப்புத் துணியை விலக்கினாள். கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனம். குங்குமம் உதிர்ந்து, சந்தனம் மட்டும் காய்ந்து வெளுத்து உட்கார்ந்திருந்தது. தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைத்தவள் நான்தான், பொட்டைச் சுற்றி. பூஜைப் பொட்டு தானாக உதிர வேண்டாமா? நீங்கள் மட்டும் உங்கள் வண்டியில் வைத்ததைத் துணி போட்டுத் துடைக்கிறீர்களா?

"அக்கா, நானும் அன்னிக்குப் பொரியத்தான் பாத்தேன், பொட்டப் பாக்கல" என்று சொல்லிவிட்டு பர்வீன் சிரித்தாள், உடனே அழுதாள். ஒரு வார அளவெல்லாம் குப்பை. பெரிய சாரைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் அளவுகளை மேலும் கீழும் பார்த்தார். "சந்தனமும் நல்லாத்தான் ஒளிய மறிக்குது. வேணும்னா கடைசில ஒரு சின்ன அத்தியாயமா போட்டுக்கோம்மா."

ஜெனரேட்டர்

வீணாய்ப்போன வாரத்தை மீட்க வேண்டும் என்று நாங்கள் வரிந்து கட்டியபோது மின்வெட்டு வந்தது. தினமும் பகலில் கரண்ட் போகும். கல்லூரி ஜெனரேட்டரோ அலுவலகக் கட்டடத்துக்கு மட்டும். விளக்கும் கருவியும் பேட்டரியில் ஓடிவிடும். ஆனால் கரண்ட் போன கொஞ்ச நேரத்தில் பெட்டியில் குளிர் குறையும், படிகம் மழுங்கும், அன்றைய அளவு போச்சு.

மின்சாரப் பிரிவு முருகேசன் அறை வாசலில் தினமும் போய் நின்றேன். சண்டை போடத் தெரியாது எனக்கு, நிற்கத் தெரியும். அவர் சாப்பிட்டுவிட்டு வரும்போதும் நிற்பேன், டீ குடித்துவிட்டு வரும்போதும் நிற்பேன். எங்கள் மாடிவரை ஒயர் இழுக்க ஆர்டர் வேண்டும், ஆர்டர் போட ஆள் ஊரில் இல்லை என்றார். நான் நகரவில்லை. கடைசியில் அவருக்கே பொறுக்கவில்லை. "வானத்துல இருக்கற மேகம்லாம் கரண்ட் இல்லாமத்தான இருக்குது? உங்க மேகத்துக்கு மட்டும் ஏம்மா ஜெனரேட்டர்?"

மீன் வேண்டாம்

ஒயர் வராது என்று தெரிந்ததும் பர்வீன் வேறு வழி பிடித்தாள். நொறுக்கிய ஐஸில் கல்லுப்பைக் கலந்து தகர டின்களில் அடைத்து, பெட்டியின் உள்சுவரை ஒட்டி நிறுத்தினால், கரண்ட் போனாலும் குளிர் தாங்கும் என்றாள். ஐஸுக்கு எங்கே போவது? எங்கள் பக்கத்து மார்க்கெட்டில் கஸ்தூரி என்று ஒரு மீன்காரம்மா. கோவளத்துப் பக்கம் குப்பத்திலிருந்து விடிகாலையில் மீனும் ஐஸுமாக வந்து இறங்குவார்.

தினமும் மூடி போட்ட வாளியோடு போனேன். மீனைத் தொடாமல் ஐஸை மட்டும் வாங்கி, மேலே கோணி சுற்றி, ரயிலில் மகளிர் பெட்டியில் ஏறினால் எனக்கு மட்டும் தாராளமாக இடம் கிடைக்கும். அந்த வாடைக்கு அத்தனை மரியாதை. டின்கள் வேலை செய்தன. கரண்ட் போகிற நேரத்திலும் பர்வீன் அளந்துகொண்டே இருந்தாள்.

நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்த கஸ்தூரி, கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மீனு வேணாம், ஐஸு மட்டும் குடுன்ற. உப்பு வேற வாங்கிகினு போற. நெசத்தச் சொல்லுக்கா, வூட்டுல யார ஐஸுல வெச்சுகினு கீற?"

வாசலில் டிரைவர்

கருவியை எடுத்துப் போக வண்டி வந்தது. மிச்சமிருந்தது ஒரே ஒரு வரிசை அளவு, இருப்பதிலேயே அதிகக் குளிரில். அறைக் கதவைத் திறந்தால் வெளியே இருக்கிற ஈரக்காற்று புகுந்து கண்ணாடி வேர்த்துவிடும். பர்வீன் உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். நான் வெளியே கதவை மறித்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

டிரைவர் நல்ல மனிதர்தான், ஆனால் அவசரக்காரர். "ஊருக்குப் போற பஸ்ஸெல்லாம் கெளம்பிடுச்சும்மா. இனிமே பெருங்களத்தூர் டிராஃபிக்ல மாட்டினா வண்டியிலதான் பொங்கல் வெக்கணும்" என்றார். டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். வந்தார். சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னேன். வந்தார். மேலதிகாரிக்கு செல்லில் பேசி, என் காதில் வைத்தார். "உள்ள மேகம் இருக்கு சார், இப்ப தெறக்க முடியாது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். நடுவில் கரண்ட் வேறு போயிற்று. உள்ளே டின்கள் தாங்குமா என்று நான் புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டிருந்தேன். ஆனால் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

வெயில் சாயும்போது தாழ் விலகியது. மூக்கு நுனி சிவந்து, ஸ்வெட்டரும் துப்பட்டாவுமாக பர்வீன் நின்றாள். "எல்லாம் கெடச்சிடுச்சுக்கா. ஒண்ணுகூட விடல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரலெல்லாம் ஐஸ். என் தலைப்பில் சுற்றித் தேய்த்துவிட்டேன்.

டிரைவர் எங்களைத் தாண்டி உள்ளே போனார். நேராகப் பெட்டியின் மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தார். படிகமெல்லாம் அடியில் இறங்கி முடிந்திருந்தது. டின்களையும் அவற்றின் நடுவில் இருந்த வெற்றிடத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "இந்தக் காலிப் பொட்டிக்கா என்னைக் காலைலேருந்து ஒக்கார வெச்சீங்க?"

பர்வீன் இப்போது டாக்டர் பர்வீன் ஆகிவிட்டாள். எனக்கோ, மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது மெல்லிய மேகம் ஒன்று கலைவதைப் பார்த்தால் யார் மூடியைத் திறந்து போட்டது என்றுதான் இன்றைக்கும் முதலில் பதறுகிறது.