பாதை என்று எழுதப்பட்ட வடிகால்

"ஆபீசுல நாற்காலி கெடச்சிடும்மா. ஒன் பேச்ச ஆபீசு கேக்குமா?"

நகராட்சியில் தற்காலிகத் தட்டச்சராகச் சேர்ந்த முதல் வாரத்தில் மேலாளர் என்னிடம் இப்படிக் கேட்டார். ஒரு கடிதத்தில் தெருப் பெயர் தவறாக இருக்கிறது என்று நான் சொன்னதற்குத்தான். கெட்ட மனிதர் அல்ல. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்தியே என்பதும், அப்பா குத்தகை நிலத்தில் பயிர் செய்கிறவர் என்பதும் அவருக்குத் தெரியும். நான் தட்டச்சில் ஹையர் தேறியவள், பிழையில்லாமல் அடிப்பேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

பெண்களுக்கு இடம் ஒதுக்கிய பிறகு வந்த முதல் மன்றம் அது. தலைவராக வந்தவர் மளிகைக் கடை நடத்திய அம்மா. "வீட்டுக்காரர் ஆட்டுவாரு, இந்தம்மா தலையாட்டும்" என்று எதிர் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அந்த வீட்டுக்காரர் கூட்ட நாளில் அவரை வாசலில் இறக்கிவிட்டு, ஸ்கூட்டரை அணைக்காமலேயே திரும்பிப் போவதை நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அதற்கு முன்பெல்லாம் கூட்டம் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுமாம். மேலாளர் "பொருள் ஏழு" என்பார், "சரி" என்பார்கள். "எட்டு", "சரி". புதிய உறுப்பினர்களில் ஒருவர் நடவு வேலைக்குப் போகிற அம்மாள். கையெழுத்துப் போட மட்டும் கற்றிருந்தார். முதல் கூட்டத்திலேயே எழுந்து, "நீங்க நம்பரச் சொல்றீங்க. எதுக்குக் கையத் தூக்குறேன்னு எனக்குத் தெரிய வேணாமா?" என்றார். சிலர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பொருளும் முழுசாக வாசிக்கப்பட்டது. இரண்டாவது கூட்டத்தில் மேலாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாசிக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

வாரச்சந்தையில் மீன் கடைகளை எங்கே வைப்பது என்று ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டார்கள். கிழக்கா மேற்கா என்று வார்டு வாரியாகக் குரல் உயர்ந்தது. கடைசியில் நடவு அம்மாள், "காத்து எங்கேருந்து அடிக்கிதுன்னு பாத்து வையுங்கய்யா" என்றார். அதுவே சந்தையின் துணைவிதியானது. அதை அடிக்கும்போது, விதி என்பது எங்கிருந்தோ வருவதில்லை, இப்படி ஒருவர் வாயிலிருந்துதான் வருகிறது என்று எனக்கு ஒரு சந்தோஷம்.

வைகாசிக் கூட்டத்துக்கான பட்டியலை அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு புல எண்ணில், அதாவது சர்வே நம்பரில், என் விரல் நின்றது. 'மேற்படி எண்ணில் உள்ள வண்டிப்பாதையைத் தார்ச்சாலையாக மேம்படுத்த மன்றத்தின் அனுமதிக்கு.' எனக்கு அந்த எண் சின்ன வயதிலிருந்தே தெரியும். நிலக்காரர் அப்பாவை வெளியேற்றப் பார்த்தபோது, அப்பா வழக்காடிக் குத்தகைப் பதிவு வாங்கியவர். படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பதிவின் நான்கெல்லையையும் எண்களோடு பாட்டு மாதிரிச் சொல்வார். "மேற்கே வடிகால் வாய்க்கால்" என்று சொல்லி அவர் முடிக்கும் எண் அதுதான்.

வடிகாலைத் தூர்த்துத் தார் போட்டால் ஐப்பசி மழைத் தண்ணீர் எங்கள் வயலிலேயே நிற்கும். சம்பா அழுகும். ஒரு போகம் குத்தகை நெல் அளக்காவிட்டால் போதும், நிலக்காரர் மறுபடி வழக்குப் போடுவார்.

மேலாளரிடம் ஓடினேன். அவர் கோப்பைப் புரட்டி ஒரு மனுவை எடுத்துக் காட்டினார். எங்கள் தெருவே சாலை கேட்டு எழுதிய மனு. நான்காவது கைநாட்டு அப்பாவுடையது.

"ஒங்கப்பாவே கேட்டிருக்காரு. நீ வேணாங்கிற."

வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் கேட்டேன்.

"நடக்குற பாதைக்குத் தார் போடுவாங்கன்னு சொன்னாங்க பாப்பா. வச்சேன்."

"எந்தப் பாதைப்பா?"

"பஸ் ரோட்டுக்குப் போவமே, நம்ம வாய்க்கா..." என்றவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

யாரும் பொய் சொல்லவில்லை. மேட்டூர் அணை மூடி, வடிகால் காய்ந்ததும், மாசியிலிருந்து ஆனி வரை எங்கள் தெரு முழுக்க அதன் அடிமண்ணில்தான் நடக்கும். குறுக்கு வழி. வாய்க்கு வந்த பெயர் பாதை. மனு எழுதியது சித்திரையில். நிலத்தை அளந்து பதிவு செய்த அளவுக்காரர் வந்ததும் ஏதோ ஒரு சித்திரையில்தான் இருக்க வேண்டும். வண்டித் தடத்தைப் பார்த்து வண்டிப்பாதை என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார்.

அப்பா டிரங்குப் பெட்டியிலிருந்து குத்தகைப் பதிவின் நகலை எடுத்து, வேட்டியில் ஒருமுறை துடைத்துக் கொடுத்தார்.

கூட்டத்தில் அந்தப் பொருளை வாசித்து முடித்தும் நான் உட்காரவில்லை.

"என்னம்மா?" என்றார் தலைவர்.

மேலாளர் முந்திக்கொண்டார். "வாசிக்கிறவங்க பேசக் கூடாது தலைவரே. விதி."

தலைவர் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "பேச வேணாம். கையில இருக்கிறத வாசிக்கட்டும்."

வாசித்தேன். கிழக்கு, வடக்கு, தெற்கு, மேற்கு. என் குரல் நடுங்கவில்லை என்று இப்போதும் சொல்லிக்கொள்வேன்.

"அது வடிகாதான்" என்றார் நடவு அம்மாள். "ஐப்பசியில இடுப்பளவு போவும். பொடவையத் தூக்கிக்கிட்டு எத்தன தடவ தாண்டியிருக்கேன்."

எங்கள் வார்டு உறுப்பினர் எழுந்தார். "ரோடு கேட்டவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? பணம் திரும்பிப் போயிடுமே?"

"மழ வரட்டும். எல்லாரும் போய்ப் பாப்போம்" என்றார் தலைவர். ஒத்திவைக்கப்படுகிறது என்று எழுதப்பட்டது.

ஐப்பசியில் குடை பிடித்துக்கொண்டு அத்தனை பேரும் வந்தார்கள். போய்விடும் என்று பயந்த பணத்தைத் தலைவர் இரண்டு கடிதம் எழுதித் தக்கவைத்திருந்தார். வடிகால் கரை தொட்டு ஓடியது. "இதுல தார் போட்டா மீனெல்லாம் பஸ் ஏறித் திருவாரூர் போயிடும்" என்றார் நடவு அம்மாள். வார்டு உறுப்பினரே முதலில் சிரித்தார். ஆழம் பார்க்க இறங்கிய மேலாளரின் ஒரு செருப்பைத் தண்ணீர் இழுத்துப் போனது. கீழே எங்கள் வயல் பக்கம் நின்ற அப்பா அதைப் பிடித்து, உதறி, அவர் கையில் கொடுத்தார்.

அடுத்த கூட்டத்தில் சாலையைக் கரைமேல் போடலாம், ஒரு சிறுபாலம் கட்டலாம் என்று அந்த வார்டு உறுப்பினரே முன்மொழிந்தார். அளவைப் பதிவைத் திருத்தக் கேட்கும் கடிதத்தையும் நான்தான் அடித்தேன். அந்த வருஷம் எங்கள் சம்பா நிமிர்ந்து நின்றது.

கடிதம் அடித்த அன்று என் மனம் அந்த அளவுக்காரரிடமே போய்ப் போய் வந்தது. தான் வந்த மாதத்தை மட்டும் பார்த்தவர். நில அளவர் தேர்வுக்கு விண்ணப்பித்தேன். தேறினேன். விலகல் கடிதத்தை அதே இயந்திரத்தில் அடித்துக் கொடுத்தபோது மேலாளர் இரண்டு முறை படித்தார். பிழை தேடினார் என்று நினைக்கிறேன்.

"வெயில்லயும் சேத்துலயும் அளவுச் சங்கிலி இழுக்கணும்மா."

"தெரியும் சார்."

பயிற்சியில் சேர்ந்து இன்றோடு பதினோரு நாள். காலையில் ஒரு வாய்க்காலை அளந்தோம். செருப்பைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு, சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நான்தான் முதலில் இறங்கினேன்.