ஏற்றம் அவருக்கு, இறக்கம் அவளுக்கு

கடைத்தெருவில் அவர்களைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்ப்பவர். உருண்டையான, குள்ளமான ஆள். மனைவி எதிர்ச்சாரி பேக்கரியில் கேக் மேல் பெயர் எழுதுபவள், ஒல்லி, நெட்டை. சாயங்காலம் இருவரும் வேலை முடிந்து சேர்ந்து நடந்தால், "அதோ பத்து போகுது" என்பார்கள் கடைக்காரர்கள். ஒன்றும் சைபரும். அவளுக்கு அந்தக் கேலி பிடிக்கும். "சைபர் இல்லேன்னா ஒண்ணுக்கு என்ன மதிப்பு, சொல்லுங்க பொடியரே" என்பாள். அவர் அவளை ஒட்டகம் என்று கூப்பிடுவார். தெருவுக்கு அவர் கண்ணாடிக்காரர். அவள் கேக்கம்மா.

பிள்ளைகள் இல்லாத வீடு. எதை வாங்கினாலும் ஒன்றுதான் வாங்குவார்கள், இரண்டு பேருக்கும் நடுவில் வைத்து வாங்குவார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியை எந்த உயரத்தில் மாட்டுவது என்று கல்யாணமான புதிதில் ஒரு சண்டை வந்தது. கடைசியில் நடுவில் ஆணி அடித்தார்கள். அதில் அவருக்குக் கண்ணுக்கு மேல் தெரியும், அவளுக்குத் தாடைக்குக் கீழ் தெரியும். முழு முகம் யாருக்கும் தெரியாது. அவர் எக்குவார், அவள் குனிவாள். வருஷக்கணக்காக அப்படித்தான் தலை சீவினார்கள்.

சைக்கிள் ஆசை அவளுடையது.

பேக்கரியின் பின்கதவைத் திறந்தால் ஊர் ஓரத்துக் குன்று தெரியும். அதன் உச்சியில் தண்ணீர்த் தொட்டி. தொட்டியிலிருந்து அடிவாரம் வரைக்கும் வளைந்து வளைந்து ஒரு மண்பாதை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தடித்த டயர் சைக்கிள்களில் ஒரு கூட்டம் அதில் ஏறும், பிறகு சல்லென்று இறங்கும். இறங்கி வந்தவர்கள் முழங்கால் வரை சேறோடு பேக்கரிக்கு வந்து டீ கேட்பார்கள். கேக்கம்மா கிரீம் பையைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களையே பார்ப்பாள்.

"ஏறிப் போறப்ப எல்லாருக்கும் ஒரே உர்ருன்னு ஒரு மூஞ்சி. எறங்கி வர்றப்ப பாக்கணும் நீங்க. தொந்தி வெச்ச பேங்க் மேனேஜர்கூட பள்ளிக்கூடம் லீவு விட்ட மாதிரி வர்றாரு. எனக்கு அந்த மூஞ்சி ஒரே ஒரு தடவை வேணும்."

"உன் மூஞ்சிக்கு என்ன கொறச்சல்?"

"கழுத்துக்குக் கீழதானே நான் பாத்திருக்கேன். எனக்கெப்படித் தெரியும்?"

அப்போதே ஒப்பந்தமும் போட்டாள். கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு வண்டிதான் வரும். ஒரு வண்டியில் இரண்டு பேர் மலைக்குப் போக முடியாது. ஆகவே ஏற்றம் அவருக்கு, இறக்கம் அவளுக்கு. அவர் மேலே ஓட்டிப் போக வேண்டியது, அவள் பின்னால் நடந்து வருவாள். உச்சியில் வண்டியை வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவாள். அவர் நடந்து வரட்டும்.

"அடி சோம்பேறி ஒட்டகமே! கஷ்டமெல்லாம் எனக்கு, காத்து மட்டும் உனக்கா?"

"ஆமா. பொண்டாட்டின்னா சும்மாவா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமானால் பிற்பாடு அவர் எதையும் கொடுத்திருப்பார்.

சைக்கிள் கடைக்காரர் கிரீஸ் கையோடு பேசுகிறவர், எதையும் மறைக்கத் தெரியாதவர். வாசலில் முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்துப் பளபளவென்று ஒரு வண்டி நின்றது. விலையும் கட்டுபடியாகும் போலிருந்தது. கண்ணாடிக்காரர் அதையே சுற்றிச் சுற்றி வந்தார்.

"அத விட்டுடுங்க சார். இந்த வெலைக்கு ரெண்டு ஸ்பிரிங் ஷாக் தர்றான்னா வேற எங்கயோ கைய வெச்சிருக்கான்னு அர்த்தம். கட்டில் மாதிரி ஆடும், எருமை மாதிரி கனக்கும். புதுசா ஓட்றவங்களுக்கு முன்னாடி ஷாக் மட்டும் போதும். நல்ல டிஸ்க் பிரேக், நல்ல டயர். பழைய வண்டின்னாலும் பரவால்ல. மிச்சத்துல ஹெல்மெட் வாங்குங்க. தலை ஒண்ணுதான்."

அவரே உள்ளேயிருந்து ஒரு பழைய வண்டியை உருட்டி வந்தார். ஃபிரேமின் மூட்டுகளில் விரலை ஓட்டி விரிசல் இல்லை என்று காட்டினார். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டார், கோணாமல் ஓடியது. பிறகு கேட்டார், "யாருக்கு வண்டி?"

"ரெண்டு பேருக்கும்."

கடைக்காரர் அண்ணாந்து அவளைப் பார்த்தார், குனிந்து அவரைப் பார்த்தார். "சைஸ் இருக்குங்களே. உங்களுக்குச் சின்னது. அம்மாவுக்குப் பெருசு."

"நடுவுல குடுங்க," என்றாள் கேக்கம்மா.

"நடுவுல யாரும்மா இருக்கா?"

"நாங்கதான். ரெண்டு பேரையும் கூட்டி ரெண்டால வகுத்துக்குங்க."

"அந்த உயரத்துல ஆளே இல்லியேம்மா! ரெண்டு பேருக்குமே பொருந்தாது."

"எங்களுக்குப் பழக்கந்தான்," என்றார் கண்ணாடிக்காரர்.

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு நடு சைஸைக் கொடுத்தார். சீட்டை இறுக்கிப் பிடிக்கும் நெம்புகோலைத் திறந்து அதை ஏற்றி இறக்கும் விதத்தைக் காட்டினார். மேட்டில் ஏறும்போது சீட்டு உயரமாக இருக்க வேண்டும், இறங்கும்போது தாழ்வாக இருக்க வேண்டும் என்றார். இவர்களுடைய ஒப்பந்தத்தைக் கேட்டதும் கடகடவென்று சிரித்தார். குள்ளமானவர் ஏறப் போகிறார், நெட்டையானவள் இறங்கப் போகிறாள். "உங்க வீட்ல எல்லாமே தலகீழா?"

பேக்கரிக்குப் பின்னாலிருந்த காலி மனையில் பழகினார்கள். கைப்பிடி எட்டாததால் அவர் முன்னால் சாய்ந்தபடி, சுவரில் ஒட்டிய பல்லி போல ஓட்டினார். அவளுக்கு முழங்கால் கைப்பிடியில் இடித்தது. கியர் மாற்றும்போதெல்லாம் இருவரும் சங்கிலியைக் கழற்றி விட்டார்கள். நாலு தெருவும் வேடிக்கை பார்த்தது. அவளுக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். சிரிப்பால் என்றுதான் அவர் நினைத்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை குன்றுக்குப் போனார்கள். அவர் பாதி ஓட்டி, பாதி தள்ளிக்கொண்டு ஏறினார். அவள் பின்னால் சீட்டில் ஒரு கை வைத்து நடந்தாள். பாதி வழியில், பாறை வளைவில், அவள் உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. காலையில சாப்பிடல."

"இங்கேருந்தே எறங்கறியா?" அவர் அவசரமாகச் சீட்டை அவள் உயரத்துக்கு ஏற்றி வைத்தார். அவள் வண்டியைப் பார்த்தாள். கீழே பாதையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பாதியிலேருந்து எறங்கினா பாதி மூஞ்சிதான் கிடைக்கும். அடுத்த வாரம் மேல போயிடலாம் பொடியரே."

இருவரும் வண்டியை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

அந்த அடுத்த வாரம் வரவில்லை. நடுவில் ஒரு மத்தியானம், பேக்கரியில் வேலையை முடித்துக் கையைக் கழுவிவிட்டு மாவு மூட்டை மேல் சாய்ந்து உட்கார்ந்தவள், உட்கார்ந்தபடியே போய்விட்டாள். களைத்துத் தூங்குகிறாள் என்று நினைத்து யாரும் எழுப்பவில்லை. விஷயம் தெரிந்து சாலையைக் கடந்து ஓடி வந்த கண்ணாடிக்காரரின் கையில் லென்ஸ் தேய்த்த ஈரம் காயாமல் இருந்தது. அவள் விரல் நுனிகளில் ரோஸ் நிறம் ஒட்டியிருந்தது. அந்த ஈரக் கையால் அவர் அதைத் துடைத்துப் பார்த்தார். போகவில்லை.

அதற்குப் பிறகு அவர் கடைத்தெருவில் தனியாக நடந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் இருந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. எதிரே வந்தவர்கள் அவர் தலைக்கு மேல் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அவரைப் பார்த்தார்கள்.

சைக்கிள் நடைவழியில் நின்றது. சீட்டு அவள் உயரத்திலேயே இருந்தது. குனிந்து செருப்புப் போடும்போது அது அவர் தோளில் இடிக்கும். அவர் ஒதுங்கிப் போவார்.

அவளுடைய தம்பி வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். மாமா ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று பார்க்க அடிக்கடி வருவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன், சும்மா இருக்க மாட்டாமல் வண்டியைத் துடைத்து, காற்று அடித்து, நெம்புகோலைத் திறந்து சீட்டைச் சர்ரென்று கீழே இறக்கினான்.

"இப்ப ஏறிப் பாருங்க மாமா. ஒரு ரவுண்டு போயிட்டு வந்தா மனசு லேசாகும்."

கண்ணாடிக்காரர் கையிலிருந்த தம்ளரை வைத்தார். "எறக்கினியா?"

"உங்களுக்கு எட்டாதே மாமா."

"எனக்கு எட்டணும்னு யாருடா சொன்னா? அது எங்க இருந்துச்சு? திருப்பி வெய்யி. எங்க இருந்துச்சோ அங்க வெய்யிடா!"

எந்த இடம் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஏற்றினான், இறக்கினான், கொஞ்சம் ஏற்றினான். அவர் நடைவழியில் குனிந்து தோளை வைத்து அளந்து பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. இடித்த இடம் தோளா, தோளுக்குக் கீழா? இத்தனை நாள் இடித்துக்கொண்டும் அவர் அதைச் சரியாகக் கவனித்து வைத்திருக்கவில்லை. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவளுக்கு ஒரு எறக்கம் குடுக்க முடியலடா என்னால. சோம்பேறின்னு கேலி பண்ணினேன். ஒரு தடவை மேல கூட்டிட்டுப் போக முடியல."

தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்தான். நகத்தில் காய்ந்திருந்த பெயின்டைச் சுரண்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"மாமா, அக்காவால ஏற முடியாது. அதுக்குத் தெரியும். மாடிப்படியில மூச்சு வாங்குதுன்னு என்கூடத்தான் டாக்டர்கிட்ட வந்துச்சு. இதயத்துல ஒரு வால்வு சுருங்கியிருக்கு, பெரிய டெஸ்ட் எடுக்கணும்னாங்க. எடுக்கலாம், அவசரமில்லன்னுச்சு. நீங்க ரெண்டு பேரும் அப்பதான் வண்டி வண்டின்னு அலைய ஆரம்பிச்சிருந்தீங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டி வாங்க மாட்டாருடா, என்னை மெத்தையில உக்கார வெச்சு விசிறுவாருன்னு சிரிச்சுச்சு. ஏத்தத்த மாமா தலையில கட்டிட்டேன், நான் மெதுவா நடந்துடுவேன், எறக்கத்துக்கு மூச்சு வேணாம்னுச்சு. ஒரு தடவை எறங்கிட்டு, மறுநாளே சொல்லிடறேன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணுச்சு. நான்தான் மாமா... நான் சொல்லியிருக்கணும்."

கண்ணாடிக்காரர் அவனைத் திட்டவில்லை. அவர் அந்தச் சின்னப் பேச்சை மறுபடி மறுபடி மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார். கஷ்டமெல்லாம் எனக்கு, காத்து மட்டும் உனக்கா. ஆமா. அந்த ‘ஆமா’ சொல்லும்போது அவள் கண் எப்படி இருந்தது? மற்றவர்களின் பார்வைக்காக நாளெல்லாம் கண்ணாடி தேய்க்கிற மனுஷன், அவர் அதைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அவர் எழுந்து ஹெல்மெட்டை எடுத்தார்.

"எங்க மாமா? நானும் வரேன்."

"வேணாம்."

குன்றில் அவர் கோபத்தோடுதான் ஏறினார். யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. எட்டாத கைப்பிடியை எக்கிப் பிடித்து மிதித்தார், முடியாத இடத்தில் இறங்கித் தள்ளினார். பாறை வளைவில் நிற்கவில்லை. நின்றால் அங்கேயே இருந்துவிடுவோம் என்று பயந்தார். உச்சிக்கு வந்து தொட்டியின் நிழலில் வண்டியை நிறுத்தினார்.

சட்டை காயும் வரை அங்கே நின்றார். சைக்கிளில் வந்த மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்து இறங்கத் தொடங்கினார். மேலிருந்து வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்தார். "என்னண்ணே, பிரேக் போச்சா?"

"இல்லீங்க."

"அப்புறம் ஏன் உருட்டிக்கிட்டு? கஷ்டப்பட்டு ஏறினதே இதுக்குத்தானே!"

வந்தவர் போய்விட்டார். கண்ணாடிக்காரர் வண்டியைத் திருப்பி மறுபடி தொட்டி வரை தள்ளிக்கொண்டு போனார். பாதியிலிருந்து கூடாது.

ஏறி உட்கார்ந்தார். இரண்டு பிரேக்கையும் நெருக்கிப் பிடித்துத்தான் விட்டார். முதல் வளைவில் பின்சக்கரம் வழுக்கியது, காலை ஊன்றிச் சமாளித்தார். இரண்டாவதில் விரல்கள் தாமாகவே கொஞ்சம் தளர்ந்தன. காற்று சட்டைக்குள் புகுந்து முதுகை ஊதியது. கண்ணில் நீர் வந்தது. அது காற்றால் வந்த நீர். பாறை வளைவு வந்தது, வந்த வேகத்தில் பின்னால் போனது. அடிவாரத்துக்கு முன்னால் நேராக ஒரு சரிவு. அதில் அவர் பிரேக்கை விட்டேவிட்டார்.

கீழே வந்து நின்றபோதுதான் தன் கன்னங்கள் வலிப்பதை உணர்ந்தார். சிரித்திருக்கிறார். வழி முழுக்கச் சத்தமாகச் சிரித்துக்கொண்டே வந்திருக்கிறார். அவள் சொன்னது அத்தனையும் நிஜம். அவள் நினைத்திருந்ததைவிட நன்றாகவே இருந்தது. அதைப் போய்ச் சொல்ல ஒரே ஒரு ஆள்தான் உண்டு.

அவர் முகத்தை மாற்றப் பார்த்தார். அது உடனே மாறவில்லை. கைப்பிடி மேல் தலையைக் கவிழ்த்து, அந்த முகத்தை யாரும் பார்க்காதபடி மறைத்துக்கொண்டார். வெகு நேரம் அவர் முதுகு மட்டும் குலுங்கியது. டீ குடிக்கப் போகிறவர்கள் விலகிப் போனார்கள்.

அங்கிருந்து வீடு வரை மேடும் இல்லை, பள்ளமும் இல்லை, நீளமான தட்டைச் சாலை. அது யாருக்கு என்று அவர்கள் பேசி வைத்திருக்கவில்லை. மிதிப்பதா தள்ளுவதா என்று தெரியாமல் அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி நின்றார்.