காகத்துக்குப் பதிலாக வந்தவர்

புரட்டாசிச் சனி விரதத்தை நான் ஒருபோதும் விட்டதில்லை. ஊரில் ஷெல் விழுந்த காலத்திலும் விடவில்லை. ஆனால் ஸ்காபரோவில் மகனுடைய வீட்டுக்கு வந்த முதல் வருடமே அது வில்லங்கமாகிவிட்டது. விரதச் சோற்றில் ஒரு பிடியைக் காகத்துக்கு வைத்து, காகம் அதைத் தொட்ட பிறகுதான் நான் சாப்பிடலாம். இங்கே காகம் இல்லையென்று சொல்ல முடியாது. நல்ல கொழுத்த காகங்கள். எதிர்வீட்டுக் கூரையில் இருந்து பார்க்கும். வராது.

நான் பின்வளவில் நின்று "கா, கா" என்று கூப்பிடுவேன். பக்கத்து வீட்டு இத்தாலிக்காரக் கிழவர் தன் தக்காளிப் பாத்தியில் இருந்து நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். நான் அவரைப் பார்க்க மாட்டேன்.

முதற் சனிக்கிழமை பின்னேரம் வரை பார்த்திருந்து எனக்குத் தலை சுற்றிவிட்டது. பிரஷர் குளிசையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும்.

"காகம் வராட்டில் நீங்கள் சாப்பிடுங்கோவன், அம்மா. சனீஸ்வரனுக்குக் கனடா நிலைமை தெரியும்தானே" என்றான் மகன்.

"தெரிஞ்சால் காகத்தை அனுப்பியிருப்பார்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமையும் சோற்றைப் புல்லில் வைத்துவிட்டு நின்றேன். வளவு மூலையில் முந்திய வீட்டுக்காரர் விட்டுப்போன மரக் கொட்டில் ஒன்று சரிந்து நின்றது. அதை இவர்கள் ஷெட் என்பார்கள். அதன் அடியில் இருந்து ஒரு சீவன் வெளியே வந்தது. பூனையைவிடப் பெரிது. கட்டைக் கால், மண்ணிற மயிர், அணிலுடைய பல். வயிறு நிலத்தில் உரஞ்ச நடந்து வந்து, சோற்றை ஒதுக்கிவிட்டுப் பயற்றங்காயையும் பூசணிக்காயையும் இரண்டு கையாலும் எடுத்துத் தின்றது. தின்று முடித்து என்னைப் பார்த்தது. நான் உள்ளே போய்ச் சாப்பிட்டேன்.

"மாமி, அது கிரவுண்ட்ஹொக். காகமில்லை" என்றாள் மருமகள்.

"எனக்குக் கண் தெரியும், பிள்ளை. உது மச்சம் மாமிசம் தின்னுமோ?"

"இல்லையம்மா. இலையும் காயும்தான். முழுச் சைவம்" என்றான் மகன்.

"அப்ப உங்களைவிடத் திறம்" என்றேன். அடுப்பில் அவர்களுக்குக் கோழி கொதித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் இரண்டாவது "கா" சொல்ல முதலே அது வந்துவிடும். புரட்டாசி முடிகிற நேரம் அது நடக்கவே கஷ்டப்படுகிற அளவுக்குக் கொழுத்துவிட்டது. இனி அது வளைக்குள் போய்ப் படுத்தால் பனி கரையும் வரை எழும்பாது, ஒன்றும் தின்னாது என்று கிழவர் வேலிக்கு மேலால் மகனுக்குச் சொன்னார். அதற்கு முன் கூடு வைத்துப் பிடித்துவிட வேண்டும் என்றும் சொன்னார். அவருடைய தக்காளியில் பாதி அதன் வயிற்றில்தான் இருந்தது.

மகனுக்கு வேறு யோசனை. தெரிந்த பெடியன் ஒருவன் குளிரில் நிலம் இறுக முன்னம் வந்து ஷெட்டை உடைத்து, வளையைக் கல்லால் மூடி, மேலே கொங்கிறீட் போட்டுத் தருவானாம். கோடையில் பார்பிக்கியூ வைக்கலாமாம். சாப்பிடும்போது இதைச் சொன்னான்.

"அது உள்ளுக்குக் கிடக்கேக்கையோ?"

"கலைச்சுப்போட்டுத்தான், அம்மா. அதுக்கு ரூஜ் காடு கிடக்குது."

"குளிர் வரேக்கை வீடு மாறச் சொல்லுறாய்."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்து அவனிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை. குளிர்ச் சப்பாத்துக்கூட என் காலைப் பார்த்துவிட்டு அவனாகத்தான் வாங்கி வந்தான். அவனுடைய தகப்பனிடமும் நான் கேட்டு வாங்கியவள் அல்ல. அன்றைக்குக் கேட்டேன்.

"அது எழும்புமட்டும் உதில கை வைக்காதை."

கை கழுவப் போனவன் நின்றான். "எழும்பாட்டில்?"

"எழும்பாட்டில் கொங்கிறீட்டைப் போடு. நான் வாய் திறக்க மாட்டன்."

கேட்ட பிறகு சும்மா இருக்க முடியாது. அது காய்ந்த புல்லை வாய் நிறைய அடைத்துக்கொண்டு வளைக்குள் போவதைப் பார்த்திருந்தேன். படுக்கை போடுகிறது என்று விளங்கியது. முன்வளவு மேப்பிள் இலைகளை மகன் கூட்டி, குப்பைக்காரருக்கென்று பையில் கட்டி வைத்திருந்தான். அவற்றை அவிழ்த்தேன். எல்லாம் ஈரம். ஈரத்தில் யார் படுப்பார்கள்? கராஜில் பழைய பெட்சீற் விரித்து, ஊரில் பனங்கிழங்கைக் கிழித்து ஒடியல் காயவைப்பது போல் பரப்பி, பிரட்டிப் பிரட்டிக் காயவைத்தேன். மருமகளின் கார் ஒரு கிழமை தெருவில் நின்றது. அவள் கதவைப் பலமாகச் சாத்தினாள்.

காய்ந்த இலையை வளை வாயில் கொட்டினேன். அது முகர்ந்து பார்த்துவிட்டு, வாய் வாயாக உள்ளே கொண்டுபோனது. கிழவர் வேலியருகில் நின்று பார்த்தார். கையில் கம்பிக் கூடு இருந்தது. கடைசி வாய் இலையும் உள்ளே போனது. அது திரும்பி வரவில்லை. அவர் கூட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

குளிர்காலம் முழுக்க நான் அதைப் பற்றி வீட்டில் கதைக்கவில்லை. தைப்பொங்கலன்று மட்டும் வளைப் பக்கம் ஒரு கரண்டி பொங்கல் வைத்தேன். அது கல்லாக உறைந்துவிட்டது. பெப்ரவரியில், குளிர் எப்போது முடியும் என்று குறி பார்க்கும் நாளாம், தொலைக்காட்சியில் ஒரு கிரவுண்ட்ஹொக்கைத் தொப்பிக்காரர் தூக்கிப் பிடித்துக் காட்டினார்கள்.

"பாருங்கோ அம்மா, அந்தாள் எழும்பியிட்டார். உங்கட ஆள்?"

"அதை எழுப்பியிருக்கினம். இது தானா எழும்பும்."

சொல்லிவிட்டேன். ஆனால் ஆரும் இல்லாத நேரம் ஷெட் பலகையில் காது வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை.

பனி கரைந்து பங்குனியும் வந்தது. வளை வாயில் தண்ணீர் நின்றது. கிழவர் வேலியருகில் வந்து, கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சரித்து, இன்னும் நித்திரையா என்பது போல் புருவத்தை உயர்த்தினார். நானும் கையைக் கன்னத்தில் வைத்துக் காட்டினேன். எங்களுக்குள் வேறு பாஷை இல்லை.

"வாற சனிக்கிழமை பெடியன் வாறன் எண்டு சொல்லுறான்" என்றான் மகன். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாய் திறக்க மாட்டேன் என்று சொன்னவள் நான். திறக்கவில்லை.

வியாழக்கிழமை காலை குசினி யன்னலால் பார்த்தேன். வளை வாயில் அது இருந்தது. அரைவாசி ஆளாகிவிட்டது. தோல் இரவல் கோட்டுப் போலத் தொங்கியது. மயிரில் ஒரு மேப்பிள் இலை ஒட்டியிருந்தது. நான் ஒருவரையும் கூப்பிடவில்லை. அது மெல்ல நடந்து, மருமகள் ஒரு வருடமாகப் பார்த்திருந்த டியூலிப் முளைகளிடம் போய், ஓரத்தில் இருந்து தின்னத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் மேல் யன்னலில் இருந்து மருமகளின் குரல் கேட்டது. வீடு முழுக்க அறிந்துகொண்டது.

மகன் சாரத்துடன் வந்து எனக்குப் பக்கத்தில் நின்று பார்த்தான்.

"எழும்பியிட்டார்."

"ஓம்."

"அப்ப இனிக் கொங்கிறீட்டைப் போடலாம்தானே?"

"புரட்டாசி முடியுமட்டும் பொறு. எனக்கு விரதத்துக்கு ஆள் வேணும்."

அவன் விரல் மடித்து மாதங்களை எண்ணினான்.

"புரட்டாசி முடிய அது திரும்பப் படுத்திடுமே, அம்மா."

"ஓம்" என்றேன்.

அவன் பெடியனுக்குப் போன் எடுத்து, வரவேண்டாம் என்று சொல்லப் போனான்.