அக்கா தாண்டிப் போன வீடு

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்ததுதான். முன்னுக்குப் பின்னாக வரும், சில விஷயம் மறந்தும் போகும். அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அக்காவைப் பற்றி எழுத, அவர் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம்.

அக்கா குருபோங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தார். அப்பாவுக்கு மலாக்கா டவுனில் வேலை கிடைத்ததும் காஜா பெராங்குக்குக் குடிவந்தோம். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா பலகாரம் போட்டு விற்று அக்காவை ஆங்கிலப் பள்ளியில் படிக்க வைத்தார். எனக்கு அடுப்படி. அதில் வருத்தம் ஒன்றுமில்லை. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த சமயத்தில் அக்கா தாதிப் படிப்பு முடித்து, பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். தெருவே அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடும்.

அக்காவால் ஓர் இடத்தில் இருக்க முடியாது. சோறுகூட நின்றுகொண்டேதான். வேலையில் நல்ல பெயர் இருந்தும் மனம் அடங்கவில்லை. "வந்து சேரும்போதே பிள்ளைக்குக் கண்ணு சொருகிடுது. ஏன் முன்னாடியே தூக்கிட்டு வர மாட்டேங்கிறாங்க? அத யாருமே கேக்கல" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தக் கேள்விதான் அவரைச் சீமைக்குக் கொண்டுபோனது. அங்கே மேலே படித்து, சுகாதார ஆராய்ச்சியில் டாக்டர் பட்டத்துக்குப் பதிந்துகொண்டு, வீடு வீடாகக் கேட்டு எழுத ஊர் திரும்பினார். கல்யாணப் பேச்சு எடுத்த அம்மாவிடம் "படிப்பு முடியட்டும்" என்றார். பிறகு அந்தப் பேச்சே நின்றுபோனது.

ஒரு வயதுக்குள் பிள்ளை தவறிய வீடுகளுக்குத்தான் அவர் போக வேண்டும். எங்கள் வட்டாரத்தில் அப்படி ஒரு வீட்டையும் விடக்கூடாதாம். உஜோங் பாசிர், புக்கிட் பாரு என்று சைக்கிளில் அலைவார். தமிழ் மறந்துபோன மலாக்காச் செட்டி வீடுகளில் மலாயில் கேட்பார். பெற்றவளிடம் போய், பிள்ளைக்கு முதலில் என்ன செய்தது, எப்போது தூக்கிப் போனாய், ஏன் அதுவரை இருந்தாய் என்று கேட்பது லேசான காரியமா? சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். மறுவாரம் திரும்பப் போய் நிற்பார்.

என் மூத்த பிள்ளையும் ஏழு மாதத்தில் தவறியதுதான். சுதந்திரத்துக்கு அடுத்த வருடம். எங்கள் வீட்டுக்கு மட்டும் அந்தக் கேள்விகள் வரவில்லை. அக்கா தினமும் வருவார், கோப்பி வாங்குவார், பாதியில் வைத்துவிட்டுப் புறப்படுவார்.

"ஒக்காந்து குடி அக்கா."

"இல்ல, இன்னும் ஒரு வீடு பாக்கி."

என் வீட்டுக்காரர் சிரிப்பார். "அண்ணி ஒக்காந்தா நாற்காலி தேஞ்சிடும்லா."

எதிர்வீட்டுப் பாக்கியத்தம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் அக்காவை எங்கள் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "ஏன் மிஸ்ஸி, என் வாயக் கிண்டிக் கிண்டி எழுதுனியே. தங்கச்சி வூட்ட மட்டும் தாண்டித் தாண்டிப் போற. அங்க புள்ள சாவலியா?"

அக்கா உள்ளே வந்தார், ஜன்னலுக்குப் போனார், திரும்பினார். "ஒன் வீட்ட விட்டுட்டா நான் எழுதுறது பொய்யாயிடும். கேட்டா நீ தாங்குவியான்னு தெரியல."

எனக்குப் பயமாக இருந்தது. என்னை நினைத்து அல்ல. என் பதில் அவரைத்தான் சுடும்.

"கேளு" என்றேன்.

மற்றவர்களிடம் கேட்டதுபோலவே கேட்டார். காலையிலேயே வயிறு போனது என்றேன். மத்தியானம் பால் குடிக்கவில்லை, அழக்கூடத் தெம்பில்லை என்றேன்.

"ஆஸ்பத்திரிக்கு ஏன் தூக்கிட்டுப் போகல?"

"நீ டூட்டி முடிஞ்சு வரட்டும்னு இருந்தோம் அக்கா. வீட்டுலயே மிஸ்ஸி இருக்கா, அங்க போய் ஏன் நிக்கணும்னு அம்மா சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அன்று வார்டில் ஆள் குறைவென்று அக்காவை இருட்டும் வரை நிறுத்திவிட்டார்கள். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் பிள்ளையை வாங்கிக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினார். வழியிலேயே போய்விட்டது.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். கை மட்டும் எழுதிக்கொண்டிருந்தது. "அப்புறம் என்ன பண்ணுன?" என்று அடுத்ததைக் கேட்டார். எல்லாம் முடிந்து, ஆறிப்போன கோப்பியைக் கடைசி வரை குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அதன் பிறகு, கேட்டு முடித்த வீடுகளுக்கெல்லாம் மறுபடியும் போனார். யாருக்காகக் காத்திருந்தீர்கள் என்று புதிதாக ஒரு கேள்வி. புருஷன் வரட்டும், மாமியார் வரட்டும் என்று பல வீடுகளில் யாரோ ஒருவர் வர வேண்டியிருந்ததாம். அதை எழுதித்தான் பட்டம் வாங்கினார். வாங்கியும் ஓயவில்லை. பிள்ளை பெற்ற பெண்களைப் பார்த்தால், "யாரும் வரட்டும்னு இருக்காத. நான் வர்றேன்னு சொன்னாலும் இருக்காத" என்பார்.

போன வருடம் அவருக்கு மூச்சு முட்டியபோது, என் மகன் கார் கொண்டு வரட்டும் என்றேன். படுத்தபடியே என்னைப் பார்த்தார். "திரும்பவுமா?" என்றார். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். அதனால் இன்னும் ஒரு மாதம் எங்களுடன் இருந்தார்.

அந்த மாதம் முழுக்க அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொன்ன தாதிப் பிள்ளைகளுக்கும், தோள் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், காரியங்களை முன்னின்று செய்த உறவினர்களுக்கும் என் கும்பிடு.

அக்காவின் ஆராய்ச்சிப் புத்தகம் என் அலமாரியில் இருக்கிறது. எல்லாம் ஆங்கிலம். படித்த பிள்ளைகள் யாராவது வந்து பார்த்து, நான் எழுதியதில் பிழையிருந்தால் திருத்திவிடுங்கள். வீடுகளின் பெயரை அதில் போடவில்லை என்று அக்கா சொன்னார். ஆனாலும் தேடிப் பாருங்கள். 'அக்கா வரட்டும் என்று இருந்தோம்' என்று ஒரு வீட்டுக்காரி சொன்னதை அப்படியே போட்டிருக்கிறாரா என்று எனக்குச் சொன்னால் போதும்.