பாட்டின் மற்றப் பாதி

என் அலமாரியில் இருக்கும் பழைய பிலிப்பினோ இசைத்தட்டுகளைப் பார்க்கும் யாழ்ப்பாணத்து ஆட்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "எங்கட பாட்டைச் சேர்த்தாலும் பரவாயில்லை, உது உங்களுக்கு ஏன்?" ஆரம்பத்தில் விளக்கம் சொன்னேன். பிறகு, தேத்தண்ணிக்குச் சீனி போடுவீர்களா என்று கேட்டுப் பேச்சை மாற்றப் பழகிவிட்டேன்.

உண்மையான காரணம் என் தோழி. கனடாவில், பார்க்டேலில் எங்கள் வீட்டுக்கு எதிர்க்கதவு அவளுடையது. பிள்ளை பார்க்கும் வேலைக்கென்று மணிலாவிலிருந்து வந்தவள். பிறகு நானும் அவளும் ஒரே முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தோம். நாங்கள் பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் அவள் சொல்வது என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகவே விழும். இங்கே எல்லோர் பேச்சையும் அப்படியே எழுதுகிறேன்.

அழகுக்கு வைக்கலாமென்று தெருவோர விற்பனையில் ஒரு சாவி கொடுக்கும் கிராமபோன் வாங்கியிருந்தேன். அதைக் கண்டதும் அவள் தன் வீட்டுக்குப் போய், சட்டைகளுக்குள் சுற்றியிருந்த ஒரு தட்டை எடுத்துவந்தாள். மிகப் பழையது. ஒரு பக்கத்தில் மட்டும் பாட்டு. மற்றப் பக்கம் வழுவழுவென்று வெறுமை. அந்தக் காலத்துத் தட்டு அப்படித்தான். ஒரு பக்கத்தில் அடங்காத பாட்டை வெட்டி, மிச்சத்தை வேறொரு தட்டில் விற்பார்கள்.

படகேறப் போகிறவன் பாடுகிறான். அவள் அர்த்தம் சொன்னாள்: "நான் திரும்பி வருமட்டும் கரையில நிப்பியோ எண்டு கேக்கிறான்." அவன் கேட்டதோடு பாட்டு நின்றுவிட்டது. அந்தப் பெண்ணின் பதில் அடுத்த தட்டில்.

"அடுத்த தட்டு எங்கை?"

"எங்கட வீட்டில இருந்ததே இல்லை. அவள் என்ன சொன்னாள் எண்டு எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் தெரியாது."

வீட்டில் எல்லோரும் அந்தப் பாதிப் பாட்டையே பாடி வளர்ந்தார்களாம். தகப்பன் கடைசியில் பகிடியாக "ஓம்" என்று சேர்ப்பாராம். தாய், "போய்த் துலை" என்பாளாம். இவள் கனடாவுக்கு வெளிக்கிட்ட அன்று தாய் வாசலில் நின்று முழுதாக அந்தப் பாதியைப் பாடினாள். பதிலாக ஒன்றும் சேர்க்கவில்லை. அதன் பிறகு தாயை அவள் காணவில்லை.

மற்றத் தட்டைக் கண்டுபிடிப்பது என்று அன்றே முடிவுசெய்தேன். நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பது என் கணவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் ஒருமுறை சொல்லிப்பார்த்தார்: "உமக்கென்ன விசரே? உந்தப் பாட்டில ஒரு சொல்லாவது விளங்குமோ?"

"விளங்காததாலதான் தேடுறன்" என்றேன்.

உலகப் போரில் எரிந்த மணிலா நகரத்துப் பாட்டு; கை தவறினால் உடைகிற அரக்குத் தட்டு. எரிந்த ஊரில் என்ன மிஞ்சும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் ஆட்கள் எதையாவது தூக்கிக்கொண்டுதான் ஓடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பிலிப்பினோ மளிகைக்கடைகளில் பழைய தட்டு வேண்டுமென்று அறிவிப்புத் துண்டு ஒட்டினேன். தேவாலய மண்டபங்களின் விற்பனைக்கெல்லாம் போனேன். தட்டுகள் வந்தன: நடன இசை, நாடகப் பாட்டு, ஒரு பாதிரியாரின் பிரசங்கம்கூட. அருமையான ஒன்றை என் கணவர் உதவி செய்கிறேனென்று ஸ்பிரிட்டால் துடைத்தார். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். இரண்டு நாள் அவருடன் பேசவில்லை. மற்றவர்கள் என்னைச் சேகரிப்பாளர் என்று சொல்லத் தொடங்கினார்கள். நான் தேடியது ஒன்றைத்தான்.

போன வருடம் தோழி ஓய்வு பெற்றாள். பனி முடிந்ததும் மணிலாவிலுள்ள மகளோடு இருக்க ஊருக்கே போய்விடுவதாகச் சொன்னாள். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அவள்மீதா, அகப்படாத தட்டின்மீதா என்று பிரித்துச் சொல்லமுடியவில்லை. அவள் போவதற்குள் அந்தப் பதிலை அவள் காதில் போட்டுவிடவேண்டும் என்று இன்னும் மூர்க்கமாகத் தேடினேன்.

பக்கத்து நகரமான ஒஷாவாவிலிருந்து ஒரு பிலிப்பினோ முதியவர் தொலைபேசியில் அழைத்தார். பழைய தட்டுகள் கொஞ்சம் இருக்கிறதாம். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக்கூடாது. சில்வர் தட்டில் உளுந்துவடை அடுக்கி, கணவரையும் கூட்டிக்கொண்டு ரெயினேறினேன். அவர் காட்டியவை எல்லாம் பிந்திய காலத்தவை, இருபக்கத் தட்டுகள். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து வைத்தேன். என் முகத்தைப் பார்த்து அவர் கோப்பி ஊற்றினார்.

கோப்பியைக் குடித்துக்கொண்டே யன்னல் பக்கம் பார்த்தேன். ஒரு கற்றாழைச் சட்டி. அதன்கீழே கறுப்பாக, வட்டமாக, கோடு ஒன்றும் இல்லாத தட்டு. அதற்குங் கீழே ஒரு பின்னல் விரிப்பு. இத்தனை காலமும் அந்த வெறுமையான முதுகை நான் திட்டியிருக்கிறேன். பாதிப் பாட்டை விற்ற கஞ்சர்கள் என்று. இப்போது அதே முதுகைக் கண்டு கோப்பியைக் கீழே வைத்தேன்.

"அது சும்மா தட்டு, அதில ஒண்டும் இல்லை" என்றார் அவர்.

"சட்டியை ஒருக்காத் தூக்கலாமோ?"

தூக்கினார். கவிழ்த்துப் பார்த்தேன். லேபிளில் பாதி உரிந்திருந்தது. அதன் ஓரத்தில் அரக்கிலேயே சுரண்டிய இலக்கம் மட்டும் தெளிவாக இருந்தது. தோழியின் தட்டிலுள்ள இலக்கத்துக்கு அடுத்த இலக்கம். எனக்குத் தெரியாத பாஷையில் பாடும் தட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு யாரோ ஒருவருடைய வீட்டில் அழுதேன். என் கணவர் அந்த முதியவருக்கு விஷயத்தைச் சொன்னார். என்னைவிட நன்றாகவே சொன்னார்.

"கொண்டு போங்கோ. ஆனால் செடிக்கு ஒரு தட்டு வேணும்" என்றார் அவர். வடைகளை அவருடைய பீங்கானுக்கு மாற்றிவிட்டு, கல்யாணத்துக்கு வந்த சில்வர் தட்டைச் சட்டியின்கீழே நானே வைத்தேன்.

அடுத்த ஞாயிறு தோழி வந்தாள். இரண்டு தட்டையும் பக்கத்தில் வைத்து, புது ஊசி போட்டு, சாவி கொடுத்தேன். முதல் பாதி முடிந்ததும் தட்டை மாற்றினேன். இரண்டாவதில் கீறல் சத்தம் அதிகம். பெண் குரல் வந்தது. தோழி கண்ணை மூடிக் கேட்டாள், பிறகு சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"என்ன சொல்லுறாள்?"

"கரையில நிக்கமாட்டனாம். நாத்து நட வேணுமாம், ஆட்டுக்குக் குழை போட வேணுமாம். கதவு சாத்தமாட்டனாம். வந்தால் நேரை வீட்டுக்கு வரட்டாம்." பிறகு, "அம்மா இதைக் கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பா" என்றாள்.

போகிற நாளன்று இரண்டு தட்டுக்கும் பஞ்சு வைத்துப் பெட்டி செய்து கொடுத்தேன். அவள் பெட்டியைத் திறந்து, நான் கண்டுபிடித்ததை எடுத்துக்கொண்டு, தன் வீட்டிலிருந்து வந்ததை என் மடியில் வைத்தாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இத்தனை பாடுபட்டுச் சேர்த்ததைத் திரும்பப் பிரிக்கிறாளே.

"ரெண்டும் ஒண்டா இருக்க வேணும்" என்றேன்.

"ஓம். அதுக்குத்தான் சொல்லுறன். உந்தப் பாட்டுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு மணிலாவுக்கு வா. என்னட்டைப் பாட வைக்க மிஷின் இல்லை."

கிராமபோனை என் கணவர் குளியலறைத் தராசில் வைத்துப் பார்த்தார். விமானத்தில் கையோடு கொண்டுபோக விடமாட்டார்கள் என்கிறார். விடுவார்கள். பாஸ்போட் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டேன்.