நல்லகாமனின் பத்து விரல்கள்

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு பிரேக்கர் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கிறார் நல்லகாமன். விலையை விசாரித்துவிட்டு வாங்காமல் நகரப்போகிறவரின் நிற்பு. ஐந்து நிமிடம் இப்படியே போகும். அந்தப் பக்கம் மில்லில் முந்நூறு பேர் கரண்ட் வருமா என்று காத்திருப்பார்கள். அதைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது.

உசிலம்பட்டியிலிருந்து பசுமலை வரை, நூற்பு மில்லோ அரிசி ஆலையோ கல்லூரியோ, பெரிய பிரேக்கர் மக்கர் செய்தால் மொபெட்டில் இவர்தான் வந்து இறங்குவார். வயது ஐம்பத்து மூன்று. பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஸ்பிரிங்காரர் என்றால் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிடுவார்.

பிரேக்கர் என்பது வீட்டு ஸ்விட்சுக்குப் பெரியப்பா. அவ்வளவு கரண்டை மெதுவாகச் சேர்த்தாலும் பிரித்தாலும் தீப்பொறி பறந்து எல்லாம் கருகிவிடும். அதனால் ஒரு சின்ன மோட்டார், மணிக்கட்டு கனமுள்ள ஸ்பிரிங்கை இழுத்து வைக்கிறது. ஒரு கொக்கி அதைப் பிடித்துக்கொள்கிறது. பொத்தானை அமுக்கினால் கொக்கி விலகும். கண் இமைப்பதற்குள் ஸ்பிரிங் லைனைச் சேர்த்துவிடும். சேர்க்கிற அதே வீச்சில் இன்னொரு ஸ்பிரிங்கையும் இழுத்து வைத்துவிடும். அது பிரிப்பதற்கு. ஆபத்து வந்தால் யாரையும் கேட்காமல் பிரிக்க வேண்டுமே. மோட்டாரும் சும்மா இருக்காது. முதல் ஸ்பிரிங்கை உடனே மறுபடி இழுக்கத் தொடங்கிவிடும்.

லைனை நிறுத்தியதும் பெட்டி செத்துவிட்டதாக நினைத்து உள்ளே கையை விடுகிறவர்கள் உண்டு. கை திரும்பி வரும்போது விரல் ஒன்றிரண்டு குறையும்.

"கரண்டு போனா போதுமாண்ணே? அதுக்குக் கோவம் போகணும்ல" என்பார் நல்லகாமன்.

கோபத்தைப் போக்குவதற்கு அவரிடம் ஒரே வழிதான். மோட்டாருக்குத் தனியாக வருகிற கரண்டின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போடுவார். சேர்க்கும் பொத்தானை ஒருமுறை, பிரிக்கும் பொத்தானை ஒருமுறை அமுக்குவார். இரண்டு இடி. பெட்டியின் சிறு சன்னலில் மஞ்சள் போய் வெள்ளை வரும்: ஸ்பிரிங் காலி. அப்போதும் நம்பமாட்டார். மறுபடி பின்கை கட்டி இன்னொரு ஐந்து நிமிடம். வேலை முடிந்து ஃபியூஸைத் திருப்பிக் கொடுக்க மறந்து வீட்டுக்கே கொண்டுபோய்விடுவதும் உண்டு. மில்லிலிருந்து போன் வந்தால், "எந்த மில்லுப்பா? இங்க நாலு கெடக்கு" என்பார் அவர் மனைவி மலையம்மாள்.

இந்தத் தொழிலில் விரல் குறைந்தவர்தான் அனுபவசாலி. புதிதாக வந்த மேனேஜர் ஒருவர் நல்லகாமனின் கைகளை இரண்டு தரம் எண்ணிப் பார்த்துவிட்டு, இவர் எத்தனை வருஷமாக இந்த வேலை பார்க்கிறார் என்று விசாரித்தாராம். நான் தொழிற்சங்கத்தில் இருந்த நாளில் விரல் போனவர்களுக்கு நஷ்டஈடு கேட்டு எழுதிய மனுக்கள் ஒரு கட்டு சேரும். இவருக்கு ஒரு வரி எழுத வாய்ப்பில்லை. சங்கத்துக்கு உதவாத ஆள்.

போன மாதம் ஒரு நூற்பு மில்லில் பிரேக்கர் சண்டித்தனம் செய்தது. நாலு தடவை அமுக்கினால் ஒரு தடவை சேர்ந்தது. கொக்கியில் பழைய கிரீஸ் பிசினாக இறுகியிருந்தது. நல்லகாமன் ஃபியூஸைப் பிடுங்கி, பொத்தான்களோடு மல்லுக்கட்டி, இரண்டு இடியையும் இடிக்கவைத்துவிட்டுப் பின்கை கட்டி நின்றார். இன்ஜினியர் முத்துக்குமரனுக்கு மேலிடத்திலிருந்து நிமிஷத்துக்கு ஒரு போன்.

"வேடிக்கை பாக்கவாண்ணே ஒங்கள வரச் சொன்னோம்?"

"அது வேடிக்கை காட்டுதான்னு பாக்குறேன் சார்."

முத்துக்குமரன் போனைக் காதில் வைத்தபடி பெட்டியின் பின்பக்கம் போனார். அடுத்த போன் வந்தது. வேலை முடிந்திருக்கும், நேரமாவது மிச்சமாகட்டும் என்று உதிரி ஃபியூஸ் ஒன்றை எடுத்து அவரே சொருகிவிட்டார். மோட்டார் உறுமியது. பத்து வினாடியில் சன்னலில் மஞ்சள். முன்பக்கம் ஓடி வந்தவர் நல்லகாமனின் கைகளைத் தேடினார். நல்லகாமன் நின்ற இடத்திலேயே நின்றார். பத்து விரலும் முதுகுக்குப் பின்னால்.

"முடிச்சுட்டீங்கன்னு நெனச்சேண்ணே."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே சார்."

அவர் திட்டவில்லை. உதிரி ஃபியூஸ் எம்புட்டு இருக்கு என்று மட்டும் கேட்டார். முத்துக்குமரன் டப்பாவோடு கொண்டுவந்து நீட்டினார். சொருகியதைப் பிடுங்கி, டப்பாவில் இருந்த அத்தனையையும் சேர்த்துத் தன் காலித் தூக்குவாளிக்குள் கொட்டி மூடினார் நல்லகாமன். பொத்தான்களோடு மறுபடி மல்லுக்கட்டு. இரண்டு இடி. வெள்ளை. மறுபடி ஐந்து நிமிடம். இந்த முறை முத்துக்குமரன் போனை எடுக்கவில்லை.

பிறகு தூக்குவாளியைத் தரையில் வைத்து, இரண்டு பாதங்களுக்கும் நடுவே இறுக்கி இடுக்கிக்கொண்டார். அதன் பிறகுதான் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை மெதுவாக முன்னால் வந்தது.