காலடி எண்ணி வரைந்த படம்

என் எழுத்து ஒழுங்காக இருக்காது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். இப்போது மறதி வேறு. முன்னுக்குப் பின் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்காக ஏழு கதைப் புத்தகம் எழுதினேன். மாத்தளைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் கூப்பிடுவார்கள், போவேன். போனால் பேச்சு வராது. ஆகவே பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லிவிட்டு, ஓரத்தில் உட்கார்ந்து படத்தைக் காட்டுவேன்.

மூன்றாவது புத்தகத்தில், காணாமற்போன ஆட்டுக்குட்டியைத் தேடி அக்காளும் தங்கையும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து டவுன் வரை நடப்பார்கள். வழி பொய்யாக இருக்கக்கூடாது என்று எனக்குப் பிடிவாதம். நானே நடந்து காலடி எண்ணினேன். லயத்திலிருந்து தண்ணீர்த் தொட்டி, தொட்டியிலிருந்து பாலம், பாலத்திலிருந்து ரோட்டு வளைவு, எல்லாவற்றையும் முதல் பக்கத்தில் வரைந்து, எத்தனை அடி என்றும் போட்டேன். பிள்ளைகள் விரல் வைத்துக் கூட்டிப் பார்ப்பார்கள். புத்தகம் வந்த பிறகுதான் அந்த வளைவில் ராணுவத்தின் ஆமிக் காம்ப் போட்டார்கள். படத்தை எடுத்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மேலேயிருந்த தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு முதல்முறை போனபோது தலைமையாசிரியரான அதிபர் என்னைக் காரியாலயத்தில் உட்கார வைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

“எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீங்கள்?”

“அஞ்சுங்க சேர்.”

அவர் மற்ற ஆசிரியர்களைப் பார்த்துச் சிரித்தார். “அஞ்சாம் வகுப்புக்காரி அஞ்சாம் வகுப்புக்கு எழுதுறா. கணக்குச் சரி.”

பள்ளிக்கூடத்துக்கு யார் வந்தாலும் சம்பவத் திரட்டு என்ற பெரிய புத்தகத்தில் அதிபர் எழுதவேண்டும். நான் வந்ததையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறு வருஷம் அதே பள்ளிக்கூடத்துக் கீழ் வகுப்பு டீச்சர் கடிதம் போட்டுக் கூப்பிட்டார். அந்த ஆட்டுக்குட்டிப் புத்தகம் முப்பதோடு போனேன். பள்ளிக்கூடத்துக்குக் கீழே இருந்த சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். பொலிஸ்காரர் என் பையைத் திறந்து படத்தில் விரல் வைத்தார். சிங்களத்தில்தான் கேட்டார்.

“பாலத்துக்கு எத்தனை அடின்னு எதுக்கு எழுதியிருக்கு?”

“ஆட்டுக்குட்டி போற வழிங்க மஹத்தயா.”

அதோடு விஷயம் இன்னும் கெட்டது. முப்பது புத்தகத்திலும் அதே படம். பள்ளிக்கூடத்துக்கு வந்தவள்தானா என்று கேட்க அதிபருக்கு ஆள் அனுப்பினார்கள். குடை பிடித்துக்கொண்டு வந்தார். ‘ஆம்’ என்று ஒரு சொல் சொன்னால் என்னை விட்டுவிடுவார்கள். அவர் என்னைத் தெரியாது என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, “பேசாமல் நில்லுங்கோ. என்ர பள்ளிக்கூடத்தை இதுக்குள்ள இழுக்காதேங்கோ” என்றார்.

பொலிஸ் நிலையத்து மர வாங்கில் உட்கார வைத்தார்கள். எந்த இயக்கம், காம்ப் வரை அடி எண்ண யார் சொன்னது என்று கேள்வி மேல் கேள்வி. பின்னேரம் அந்த டீச்சர் வந்தார், கையில் சம்பவத் திரட்டு.

“பெரிய சேருக்குத் தெரியாம தூக்கிட்டு வந்துட்டேங்கம்மா.”

போன வருஷம் நான் வந்ததாக அதிபர் எழுதியிருந்ததைத் தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரர் வாசித்துச் சொன்னார். இன்ஸ்பெக்டர் டீச்சரைப் பார்த்தார். “உங்க அதிபருக்குக் கண் தெரியாதா?”

“நல்லாவே தெரியும் சேர். தெரிஞ்சுதான் சொல்லியிருக்கார்.”

முப்பது புத்தகத்திலும் படத்தை என் கையாலேயே கிழிக்கச் சொல்லி, அனுப்பிவிட்டார்கள்.

அதிபர் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடப் பதிவேட்டை வெளியே கொண்டுபோனதாக டீச்சரைப் பற்றி மேலிடத்துக்குப் புகார் எழுதினார். கலேவெலப் பக்கம் மாற்றிவிட்டார்கள். இரண்டு பஸ் ஏறிப் போகவேண்டும், வீட்டில் கைக்குழந்தை.

அதைக் கேட்டதும் அவருடைய காரியாலயத்துக்குப் போனேன். அன்றைக்கு எனக்குப் பேச்சு வந்தது.

“பொய் சொன்னது நீங்க. தண்டனை அவங்களுக்கா சேர்?”

“நீங்கள் கதை எழுதிப்போட்டுப் போயிடுவீங்கள். இருநூறு பிள்ளையளுக்கு நான்தான் பொறுப்பு.”

“அந்தப் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவங்களத்தானே சேர் அனுப்பிட்டீங்க.”

அவர் பைலைத் திறந்து வாசிக்கத் தொடங்கினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் தலை நிமிரவில்லை. நீங்கள் இருக்கும்வரை இந்த வாசற்படி மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மிதிக்கவும் இல்லை. பயந்தார் என்று சிலர் அவருக்காகப் பரிந்து பேசுவார்கள். எனக்கும் பயம்தான். டீச்சருக்கும் பயம்தான்.

டீச்சரை மாற்றியது அதே வருஷமா, மறு வருஷமா என்று எனக்கு நிச்சயமில்லை. கைக்குழந்தை மூத்ததா, இரண்டாவதா என்பதும் அப்படித்தான். தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். அதிபர் சொன்னதை மட்டும் தொடவேண்டாம், அது சொல்லுக்குச் சொல் சரி.